பழைய வெல்டிங் சிலிண்டர் வாங்கியாச்சு... கேஸ் நிரப்ப ஏன் மறுக்கிறார்கள்? வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு சின்ன ஷெட். ஐ.டி.ஐ. முடித்து, நாலைந்து வருடம் அடுத்தவர் பட்டறையில் வேலை பார்த்த இளைஞர், சொந்தமாக கேட், கிரில் வேலை ஆரம்பிக்கிறார். கையில் இருப்பது கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் கடன். உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் ஒரு டி.ஏ. சிலிண்டரும் மலிவாகக் கிடைக்கிறது. புதுசு வாங்கினால் ஆகும் செலவில் பாதிகூட இல்லை. உடனே பணத்தைக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி, நேராக கேஸ் ஏஜென்சிக்குக் கொண்டு போகிறார்.

"அண்ணா, இதுக்கு கேஸ் போட்டுத் தரீங்களா?"

"தம்பி, இது நம்ம சிலிண்டர் இல்லீங்களே... டெஸ்ட் தேதியும் முடிஞ்சு போச்சுங்க. நிரப்ப முடியாதுங்க."

அடுத்த ஏஜென்சியிலும் இதே பதில். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று கொங்கு மண்டலத்தில் பட்டறைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 'நம்ம காசு, நம்ம சிலிண்டர், கேஸுக்கும் காசு கொடுக்கிறோம்... அப்புறம் என்ன பிரச்னை?' என்ற கேள்வி எழுவது நியாயம்தான். ஆனால் இந்த மறுப்புக்குப் பின்னால் சட்டம், பாதுகாப்பு, சொத்துரிமை என மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிலிண்டர்... சட்டத்தின் பார்வையில் 'வெடிபொருள்'

நம்ப முடிகிறதா? அழுத்தி அடைக்கப்பட்ட வாயு ஒரு உலோகக் கலனுக்குள் இருந்தால், இந்தியச் சட்டப்படி அது வெடிபொருளாகவே கருதப்படுகிறது. 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் 1938-ல் இதற்கான அறிவிப்பு வந்தது. 1940-ல் முதல் கேஸ் சிலிண்டர் விதிகள் வந்தன. பிறகு 1981, 2004 என மாற்றப்பட்டு, இப்போது நடைமுறையில் இருப்பது கேஸ் சிலிண்டர் விதிகள் 2016.

இந்த விதிகளைச் செயல்படுத்துவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சுருக்கமாக 'பெசோ'. சிவகாசி பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் தருவதில் அடிக்கடி செய்திகளில் அடிபடும் அதே அமைப்புதான். தமிழ்நாட்டில் சென்னையிலும் சிவகாசியிலும் இதற்கு அலுவலகங்கள் இருக்கின்றன.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பட்டறைகளில் பரவலாகப் பயன்படும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டரின் உள் கொள்ளளவு சுமார் 47 லிட்டர்தான். ஆனால் அதற்குள் 7 கன மீட்டர், அதாவது சுமார் 7,000 லிட்டர் வாயு அடைக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 150 கிலோ. எளிதாகச் சொன்னால், விரல் நகம் அளவு இடத்தின் மேல் 50 கிலோ சிமென்ட் மூட்டை மூன்றை அடுக்கி வைத்த மாதிரி. சிலிண்டரின் உள்சுவரில் ஒவ்வொரு நகம் அளவு இடத்திலும் இதே பாரம்தான். அந்தச் சுவர் எங்காவது துருப்பிடித்து மெலிந்திருந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்த்தாலே போதும்.

2022 அக்டோபரில் திருச்சியின் நெரிசலான கடைவீதியில் பலூனுக்கு ஹீலியம் அடைக்கும் சிலிண்டர் வெடித்ததில் ஒருவர் உயிரிழந்தார். பலர் காயமடைந்தனர். ஹீலியம் தீப்பிடிக்கும் வாயுவே இல்லை. வெறும் அழுத்தமே ஆளைக் கொல்லும் என்பதற்கு அந்தச் சம்பவம் ஒரு சாட்சி.

முதல் கேள்வி: இந்த சிலிண்டர் யாருடையது?

வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் கட்டுகிறோம், வருடக்கணக்கில் வீட்டில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த சிலிண்டர் நம்முடையது அல்ல, எண்ணெய் நிறுவனத்துடையது. வெல்டிங் சிலிண்டரிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

கொங்கு மண்டலத்துப் பட்டறைகளுக்கு கேஸ் வருவது பொதுவாக மூன்று வழிகளில்.

ஒன்று, வாடகை அல்லது டெபாசிட் முறை. சிலிண்டர் கேஸ் கம்பெனியுடையது. காலி ஆனால் திருப்பிக் கொடுத்து நிரம்பியதை எடுத்து வருவார்கள். அதிக நாள் வைத்திருந்தால் வாடகை ஏறும்.

இரண்டு, சொந்த சிலிண்டர். பட்டறைக்காரரே பில் போட்டு புதிதாக வாங்குவார். கேஸுக்கு மட்டும் காசு கொடுத்து, தன் சிலிண்டரையே நிரப்பி வாங்கிக்கொள்வார்.

மூன்று, மாற்று முறை. சொந்த சிலிண்டரைக் கொடுத்து, நிரம்பிய வேறொன்றை வாங்கிக்கொள்வது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நீங்கள் கொடுத்தது புதுசு, கைக்கு வந்தது 20 வருடப் பழசு என்று ஆகவும் வாய்ப்பு உண்டு.

இதில் முதல் வகை சிலிண்டர்கள்தான் சிக்கலுக்குக் காரணம். பட்டறை மூடப்படும்போது, காலி செய்யும்போது, ஷெட்டோடு சேர்த்து பழைய சாமான்கள் விற்கப்படும்போது, வாடகை சிலிண்டரும் 'நம்ம பொருள்' மாதிரி கை மாறிவிடுகிறது. வாங்கியவருக்கு அது தெரியாது. விற்றவருக்கேகூட சில நேரம் தெரியாது.

ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. தன்னுடையது இல்லாத பொருளை ஒருவர் விற்றால், வாங்கியவருக்கு உரிமை வந்துவிடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-ன் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு வாய்ப்பு உண்டு. சிலிண்டரில் கம்பெனி பெயர் பெரிதாகத் தெரிகிறது, விற்பவர் பில் கொடுக்க மறுக்கிறார் என்றால், 'எனக்குத் தெரியாது' என்று பிறகு சொல்வது எளிதாக இருக்காது.

சிலிண்டரின் 'ஆதார் கார்டு' தோள்பட்டையில் இருக்கிறது

வால்வுக்குக் கீழே வளைந்து இறங்கும் பகுதியைத் தோள்பட்டை என்பார்கள். அங்கே பெயின்ட்டுக்கு அடியில் எழுத்துகளும் எண்களும் பள்ளமாகக் குத்தப்பட்டிருக்கும். பெயின்ட் மொத்தமாக இருந்தால் வயர் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். அதில் என்ன இருக்க வேண்டும்?

தயாரித்த நிறுவனத்தின் அடையாளம், வரிசை எண்.

உரிமையாளரின் அடையாளக் குறி.

எந்தத் தரநிலைப்படி செய்யப்பட்டது என்ற விவரம். ஆக்சிஜன், ஆர்கான் போன்றவற்றுக்கான இணைப்பில்லா எஃகு சிலிண்டர் என்றால் ஐ.எஸ். 7285. அசிட்டிலீன் சிலிண்டர் என்றால் ஐ.எஸ். 7312.

வேலை அழுத்தம், சோதனை அழுத்தம்.

காலி எடை, தண்ணீர் கொள்ளளவு.

கடைசியாக ஹைட்ரோ டெஸ்ட் செய்த தேதி, டெஸ்ட் செய்த நிலையத்தின் குறி.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரில் ஏ, பி, சி, டி எழுத்தோடு எழுதியிருப்பது அடுத்த டெஸ்ட் எப்போது என்ற கெடு. ஆனால் வெல்டிங் சிலிண்டர் தோள்பட்டையில் குத்தியிருப்பது டெஸ்ட் ஏற்கெனவே நடந்து முடிந்த தேதி. அதிலிருந்து எத்தனை வருடம் ஆகிறது என்று நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்த எண்கள் கிரைண்டர் வைத்து அழிக்கப்பட்டிருந்தாலோ, பழைய எண் மேல் புது எண் அடித்திருந்தாலோ, அந்த சிலிண்டரைத் தொடாமல் வருவதுதான் நல்லது. நேர்மையாகக் கை மாறும் சிலிண்டரில் யாரும் எண்ணை அழிக்க வேண்டிய தேவை இல்லை.

5 வருடக் கணக்கு என்றால் என்ன?

ஆக்சிஜன், ஆர்கான், நைட்ரஜன் போன்ற வாயுக்களுக்கான சிலிண்டர்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்ட் செய்ய வேண்டும். கெடு தாண்டிய சிலிண்டரை நிரப்ப விதிகளில் இடமில்லை. 'போன வாரம்தான் கேஸ் தீர்ந்தது, நல்லாத்தான் இருந்துச்சு' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

டெஸ்ட் எப்படி நடக்கும்? வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டு துரு, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எடை போடுவார்கள். பிறகு சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமாக அழுத்தம் கொடுப்பார்கள். தண்ணீர் ஏன் என்றால், தண்ணீர் வாயுவைப் போல சுருங்கி விரிவதில்லை. டெஸ்ட்டின்போது சிலிண்டர் கிழிந்தாலும் பெரிய வெடிப்பு நடக்காது.

அழுத்தத்தில் எஃகு கொஞ்சம் உப்பும். அழுத்தத்தை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பாமல் நிரந்தரமாக நிற்கும் உப்பல், மொத்த உப்பலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் சிலிண்டர் பெயில்.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. தோள்பட்டையில் குத்தியிருக்கும் காலி எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அந்த சிலிண்டரை நிரப்பக் கூடாது. உதாரணமாக 60 கிலோ என்று குத்தியிருக்கும் சிலிண்டர் இப்போது 57 கிலோவுக்குக் கீழே போயிருந்தால், 3 கிலோவுக்கு மேல் இரும்பு துருவாகக் கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

பெயில் ஆன சிலிண்டரை என்ன செய்வார்கள் என்பதுதான் பழைய சிலிண்டர் வாங்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. விதிப்படி அதை மொத்தமாக நசுக்க வேண்டும். அல்லது மறுபடி ஒட்டவைத்து சிலிண்டர் ஆக்க முடியாதபடி துண்டு துண்டாக வெட்ட வேண்டும்.

இப்போது பழைய இரும்புக் கடைக்குத் திரும்பி வாருங்கள். அங்கே முழுசாக, வால்வோடு ஒரு சிலிண்டர் நிற்கிறது. அது நல்ல சிலிண்டர் என்றால் அதற்கு ஒரு உரிமையாளர் இருக்க வேண்டும், பில் இருக்க வேண்டும். கெட்டுப்போன சிலிண்டர் என்றால் அது முழுசாகவே இருக்கக் கூடாது. பில்லும் இல்லை, டெஸ்ட் சான்றும் இல்லை என்றால், இரண்டில் எது என்பதை வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

டி.ஏ. சிலிண்டர்: இது வேற மாதிரி

பட்டறைகளில் டி.ஏ. என்று சொல்லப்படும் அசிட்டிலீன் சிலிண்டர் உள்ளுக்குள் ஆக்சிஜன் சிலிண்டர் மாதிரி வெறும் கூடு அல்ல. அசிட்டிலீனைத் தனியாக அழுத்தினால், சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோவைத் தாண்டும்போதே அது தானாகச் சிதைந்து வெடிக்கலாம். அதற்குக் காற்றோ ஆக்சிஜனோகூடத் தேவையில்லை.

அதனால் இந்த சிலிண்டருக்குள் ரஸ்க் மாதிரி நுண்துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருள் நிரப்பப்பட்டிருக்கும். அந்தத் துளைகளில் அசிட்டோன் என்ற திரவம் ஊறியிருக்கும். சோடாவில் வாயு கரைந்திருப்பதைப் போல, அசிட்டிலீன் அந்த அசிட்டோனில் கரைந்திருக்கும். இப்படிக் கரைத்து வைத்தால்தான் 15 கிலோ அழுத்தம்வரை பாதுகாப்பாக அடைக்க முடியும்.

இந்தத் தொழில்நுட்பத்தை மேம்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனின் குஸ்டாஃப் டாலென். கலங்கரை விளக்கங்களுக்கு அசிட்டிலீனைப் பயன்படுத்த வழி கண்டவர். 1912-ல் அசிட்டிலீன் சிலிண்டர்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நடந்த வெடிப்பில் அவர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. விழாவில் அவர் சார்பில் பரிசை வாங்கியது அவருடைய சகோதரர்.

பழைய டி.ஏ. சிலிண்டரில் என்ன ஆபத்து? வருடக்கணக்கில் படுக்கப் போட்டிருந்தால், வால்வு கசிந்திருந்தால், அசிட்டோன் வெளியேறியிருக்கும். உள்ளே இருக்கும் திடப்பொருள் நொறுங்கி, இடையில் வெற்றிடம் உருவாகியிருக்கலாம். அந்த வெற்றிடத்தில் அசிட்டிலீன் கரையாமல் சேர்ந்தால்தான் வினை. வெளியிலிருந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது. எடை போட்டு, உள்ளே சோதித்தால்தான் தெரியும்.

அதனால்தான் ஆக்சிஜனைக்கூட சில இடங்களில் யோசித்து ஏற்றுக்கொள்பவர்கள், ஊர் பேர் தெரியாத டி.ஏ. சிலிண்டர் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறார்கள். பழைய வகை சிலிண்டர்கள் சிலவற்றில் அந்தத் திடப்பொருளில் ஆஸ்பெஸ்டாஸும் உண்டு. எனவே கட்டர் வைத்து அறுத்து அடுப்பு செய்யலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

பெயின்ட் மாத்தினா போதுமா?

போதாது. இந்தியாவில் ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு நிறம் உண்டு. தொழிற்சாலை ஆக்சிஜனுக்குக் கறுப்பு, அசிட்டிலீனுக்கு மெரூன், ஆர்கானுக்கு நீலம், ஹைட்ரஜனுக்குச் சிவப்பு. வால்வு மரையும் வேறு வேறு. ஆக்சிஜனுக்கு வலது மரை, எரியும் வாயுக்களுக்கு இடது மரை. தவறிக்கூட மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஒரு வாயுவுக்கான சிலிண்டரை இன்னொரு வாயுவுக்கு மாற்ற பெசோ அனுமதி வேண்டும். கொரோனா இரண்டாம் அலை இதற்கு நல்ல உதாரணம். 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் கொடுப்பதை மத்திய அரசு நிறுத்தியது. உயிர் காக்க ஆக்சிஜன் போக வேண்டிய நேரத்தில் கட்டிங் வேலைகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. மருத்துவ ஆக்சிஜனுக்கு சிலிண்டர் போதாததால் நைட்ரஜன், ஆர்கான் சிலிண்டர்களை மாற்றிப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த அவசரத்திலும் பெயின்ட் அடித்து அனுப்பிவிடவில்லை. உள்ளே சுத்தம் செய்து, வால்வு மாற்றி, உரிய நடைமுறைப்படிதான் செய்ய வேண்டியிருந்தது.

காரணம் எண்ணெய். ஆக்சிஜன் அதிக அழுத்தத்தில் எண்ணெய், கிரீஸ் மேல் பட்டால் தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். முன்பு என்ன வாயு இருந்தது என்று தெரியாத சிலிண்டருக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், நிரப்பும் இடத்திலேயே விபத்து நடக்கலாம்.

மிக் வெல்டிங் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கார்பன் டை ஆக்சைடு. இது சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவமாக இருக்கும், எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று எதுவும் இருக்காது, அழுத்தம் வேகமாக ஏறும். அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டரைச் சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும்? பழைய தீயணைப்பான் கூட்டை இதற்கு மாற்றிப் பயன்படுத்தும் வழக்கம் ஆபத்தாவது இதனால்தான்.

ஆன்லைனில் வெல்டிங் மெஷினோடு வரும் வெளிநாட்டுக் குட்டி சிலிண்டர், வளைகுடாவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த சிலிண்டர் ஆகியவையும் இதே வரிசைதான். பெசோ ஒப்புதல் இல்லாத சிலிண்டரை இங்கே நிரப்ப முடியாது. அது புத்தம் புதுசாக இருந்தாலும் சரி.

நிரப்பித் தருபவருக்கு என்ன நெருக்கடி?

பெரிய ஆலைகளில் காற்றைக் குளிரவைத்துப் பிரித்து ஆக்சிஜனைத் திரவமாக்குகிறார்கள். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. வாளையாறு தாண்டினால் வரும் கஞ்சிக்கோட்டில் அப்படி ஒரு ஆலை இருக்கிறது. இந்தத் திரவம் டேங்கர் லாரியில் உள்ளூர் நிரப்பு நிலையங்களுக்கு வரும். அங்கே மறுபடி வாயுவாக்கி, வரிசையாக நிற்கும் பல சிலிண்டர்களில் ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள்.

அந்த வரிசையில் ஒரே ஒரு சிலிண்டர் மோசமாக இருந்தாலும் பக்கத்தில் நிற்கும் ஊழியர் உயிர் பிழைப்பது கஷ்டம். அதனால் நிரப்பும் முன் வால்வு, டெஸ்ட் தேதி, துரு, தீக்காயம் எல்லாம் பார்ப்பார்கள். அனுபவசாலிகள் சிலிண்டரை லேசாகத் தட்டியும் பார்ப்பார்கள். நல்ல சிலிண்டர் மணி மாதிரி 'ணங்' என்று ஒலிக்கும். உள்ளே துருவோ எண்ணெயோ தண்ணீரோ இருந்தால் சத்தம் மந்தமாக வரும்.

நிரப்பு நிலையத்துக்கு பெசோ உரிமம் வேண்டும். கெடு தாண்டிய, ஆவணம் இல்லாத சிலிண்டரை நிரப்பி விபத்து நடந்தால் உரிமம் போகும், வெடிபொருள் சட்டப்படி வழக்கும் வரும். ஒரு சிலிண்டர் கேஸில் கிடைக்கும் லாபத்துக்காக அந்த ரிஸ்க்கை எடுக்க யார்தான் முன்வருவார்?

'பரவாயில்லீங்க, நாங்க போட்டுத் தர்றோம்' என்று தேதியே பார்க்காமல் நிரப்பித் தருபவர் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் சிலிண்டரைப் பார்க்காதவர், உங்களுக்கு மாற்றாகக் கொடுக்கும் சிலிண்டரையும் பார்த்திருக்க மாட்டார்.

நாமளே ஒரு சிலிண்டரில் இருந்து இன்னொன்றுக்கு ஏற்றிக்கலாமா?

கூடவே கூடாது. பெரிய சிலிண்டரில் இருந்து சின்ன சிலிண்டருக்கு ஹோஸ் மாட்டி ஏற்றும் வேலை சில இடங்களில் நடக்கிறது. உரிமம் இல்லாமல் நிரப்புவது சட்டவிரோதம். அதோடு, அதிக அழுத்த ஆக்சிஜன் சட்டென்று குறுகிய இடத்தில் பாயும்போது அங்கே வெப்பம் பல நூறு டிகிரி எகிறும். அங்கே துளி எண்ணெய் இருந்தாலும் தீ. டி.ஏ. சிலிண்டரில் இதை முயல்வது தற்கொலைக்குச் சமம்.

டி.ஏ. கிடைக்கவில்லை என்று வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரை கட்டிங்குக்கு மாட்டுவதும் குற்றம்தான். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் நடவடிக்கை வரும். கேஸ் கட்டிங்குக்கு எல்.பி.ஜி. வேண்டும் என்றால் வணிக சிலிண்டர்தான் வழி.

ஏற்கெனவே வாங்கிட்டேன்... இப்ப என்ன பண்றது?

முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வால்வைத் திறக்காதீர்கள். வெட்டவோ, வெல்டிங் வைக்கவோ, சூடு பண்ணவோ வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி, சங்கிலி போட்டுக் கட்டி வையுங்கள்.

இரண்டாவது, தோள்பட்டையில் இருக்கும் எண்களைத் தெளிவாக போட்டோ எடுங்கள். உரிமையாளர் குறி ஒரு கேஸ் கம்பெனியுடையது என்றால் அவர்களுக்கோ, அவர்களின் ஏஜென்சிக்கோ தகவல் சொல்லுங்கள். விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். எண் அழிக்கப்பட்டிருந்தால் காவல் நிலையத்தில் சொல்லிவிடுவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

மூன்றாவது, அது முந்தைய உரிமையாளர் பில் போட்டு வாங்கிய சொந்த சிலிண்டர் என்றால் இன்னும் வழி இருக்கிறது. அவருடைய பழைய பில்லை வாங்குங்கள். உங்கள் பெயருக்கு விற்றதாக ஒரு பில்லோ எழுத்தோ வாங்குங்கள். பிறகு நிரப்பித் தரும் நிலையத்திடம் பேசி, பெசோ அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் ஹைட்ரோ டெஸ்ட்டுக்குக் கொடுங்கள். பாஸ் ஆனால் புதுத் தேதி குத்தி, சான்றிதழோடு வரும். அங்கீகாரம் பெற்ற டெஸ்ட் நிலையங்களின் பட்டியல் பெசோ இணையதளத்தில் கிடைக்கும்.

நான்காவது, பெயில் ஆகிவிட்டால் வாதாட வேண்டாம். அங்கேயே வெட்டச் சொல்லி இரும்பு விலையை வாங்கிக்கொள்ளுங்கள். போனது பணம் மட்டும்தான்.

இனிமேல்தான் வாங்கப் போறீங்களா?

பணம் கொடுக்கும் முன் கேஸ் ஏஜென்சிக்குப் போங்கள். வாங்க நினைக்கும் சிலிண்டரின் தோள்பட்டை போட்டோவைக் காட்டி, 'இதை நிரப்பித் தருவீங்களா, டெஸ்ட்டுக்கு எவ்வளவு ஆகும்?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பாதிப் பிரச்னையைத் தீர்த்துவிடும். டெஸ்ட் செலவு, புது வால்வு, பெயின்ட், வண்டி வாடகை எல்லாம் கூட்டினால், பல நேரங்களில் பழைய சிலிண்டர் மலிவே இல்லை என்று தெரிந்துவிடும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு சிலிண்டர்தான் ஓடும் என்றால், டெபாசிட் முறை எப்படி இருக்கும் என்று விசாரியுங்கள். அங்கேயும் சில கேள்விகளைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்குமா? எத்தனை நாளுக்கு வாடகை இல்லை? டெஸ்ட் செலவு யாருடையது? சொந்த சிலிண்டர் என்றால் அதே எண் உள்ள சிலிண்டர் திரும்ப வருமா, மாற்றுதானா? கடை மாறினால், ஊர் மாறினால் என்ன செய்வது?

பட்டறை ஓனர்கள் கவனத்துக்கு இன்னொன்று. தொழிலை மூடும்போது வாடகை சிலிண்டர்களைத் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்கி, டெபாசிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஷெட்டோடு தள்ளிவிட்டுப் போனால், அடுத்து வரும் ஒரு புதுத் தொழிலாளி தலையில்தான் அந்தப் பிரச்னை விடியும்.

கடைசியாக, டி.வி.எஸ். 50 வேண்டாம்

நம்ம ஊரில் டி.வி.எஸ். 50-ல் ஏற்றாத பொருளே இல்லை. ஆனால் கேஸ் நிரப்பிய சிலிண்டரை சைக்கிளிலோ, இருசக்கர வாகனத்திலோ கொண்டு போகக் கூடாது என்று விதி நேரடியாகவே சொல்கிறது. வண்டிக்கு வெளியே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. வால்வுக்குப் பாதுகாப்பு மூடி இருக்க வேண்டும். நிரம்பிய சிலிண்டர் கீழே விழுந்து வால்வு உடைந்தால், அது ராக்கெட் மாதிரி கிளம்பிவிடும். எதிரே சுவர் இருந்தாலும் நிற்காது.

கிணற்று மோட்டார், கிரைண்டர், ரிக் வண்டி, லாரி பாடி, பஸ் பாடி என்று கொங்கு நாட்டின் தொழில் வளர்ந்ததற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. அந்தப் பட்டறைகளில் மூலையில் நிற்கும் சிலிண்டரின் விலையை எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். அதன் தோள்பட்டையில் குத்தியிருக்கும் எண்ணைப் படிப்பவர்கள் குறைவு. அடுத்த முறை சிலிண்டர் எடுக்கும்போது முதலில் அதைப் படியுங்கள், விலையைப் பிறகு பேசலாம்.